அழித்து எழுதாத கணக்கு

பேரேடு எழுதிப் பழகியவர்களிடம் ஒரு விதி உண்டு. ஒருமுறை பதிந்த தொகையைச் சுரண்டி அழிக்கலாகாது. நேற்று 100 ஆட்டுத் தோல் வரவு என்று எழுதியிருக்க, இன்று எண்ணிப் பார்க்கையில் 98 மட்டுமே இருந்தால், 100 என்பதை 98 ஆக்குவதில்லை. இரண்டு குறைவு என்று புதியதொரு வரியைக் கீழே பதிவார்கள். பிழையும் ஏட்டில் நிற்கும், திருத்தமும் நிற்கும். பின்னொரு நாள் எவர் அந்த ஏட்டைத் திறந்தாலும், முதல் வரியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்து அதே கடைசித் தொகையை அடைய முடியும். தோல் மண்டியாயினும் பங்குக் கோவிலின் வரவு செலவாயினும் கணக்கின் நாணயம் இதில்தான் இருக்கிறது.

கணிப்பொறி பிறந்த காலத்தில் இந்த விதி பெரிதும் மறக்கப்பட்டது. பின்னர் அது தருக்கவியல் அறிஞர்களின் வழியாகத் திரும்பி வந்து, சார்புவழி நிரலாக்கம் என்னும் பெயரில் புள்ளியியல் கணக்கீட்டுக்குள் இடம்பிடித்தது. அந்த வரலாற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். வேலூர், ஆம்பூர்ப் பகுதியில் வாழும் நமக்கு இது அயலார் கதை ஆகாது. நம் ஆற்றையும் நிலத்தையும் குழந்தைகளையும் பற்றிய பெரிய முடிவுகள் பல, எண்களை நம்பியே எடுக்கப்பட்டிருக்கின்றன.

பாலாற்றங்கரையின் எண்கள்

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றையும் அதன் கரையோர நிலங்களையும் கெடுத்ததைக் குறித்த வழக்கு அது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்த அந்தத் தீர்ப்பு, மாசு செய்தவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. வேலூரில் இருந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு ஒன்றும் அதில் இடம்பெற்றது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்பதே அந்தக் கணக்கு.

தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணையம் 2001ஆம் ஆண்டு தன் கணக்கை வெளியிட்டது. அன்றைய வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டோர் 29,193 பேர். பொறுப்பேற்க வேண்டிய தொழிற்சாலைகள் 547. இழப்பீடு சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். பாதிக்கப்பட்ட நிலமாக ஆணையம் கணித்தது 15,000 எக்டேருக்குச் சற்று மேல்.

35,000 எங்கே, 15,000 எங்கே? இரண்டில் ஒன்று பொய் என்று உடனே முடிவுகட்டிவிட முடியாது. ஓரளவு கெட்ட நிலத்தையும் சேர்த்தால் ஓர் எண் வரும். இழப்பீட்டுக்கு உரியதென உறுதிசெய்யப்பட்ட நிலத்தை மட்டும் சேர்த்தால் வேறோர் எண் வரும். எந்த ஊர்களை எடுத்தார்கள், எந்த ஆண்டின் விளைச்சலோடு ஒப்பிட்டார்கள், கெட்ட நிலம் என்பதற்கு என்ன வரையறை வைத்தார்கள் என்பவற்றைப் பொறுத்தே தொகை அமையும். 26 கோடியே 82 லட்சத்தை 29,193 பேருக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 9,187 ரூபாய் வரும். ஆனால் கால் காணி வைத்திருந்தவரும் பத்துக் காணி வைத்திருந்தவரும் இந்தச் சராசரிக்குள் ஒன்றாகக் கரைந்துவிடுகிறார்கள்.

ஆகவே ஓர் எண்ணைக் கேட்கும்போது நாம் இரண்டைக் கேட்டுப் பெற வேண்டும்: தொடக்கத்தில் பதிந்த மூலப் பதிவு ஒன்று, அதிலிருந்து இந்த எண்ணுக்கு வந்து சேர்ந்த வழி மற்றொன்று. இவை இரண்டும் கையில் இருந்தால் எளிய உழவரின் பிள்ளையும் ஆணையத்தின் கணக்கைத் தானே போட்டுச் சரிபார்க்கலாம். இல்லையேல் நம்புவதோ மறுப்பதோ தவிர வேறு வழியில்லை.

அழித்து எழுதிய காலம்

கணிப்பொறியின் நினைவகத்தை எண்ணற்ற சிறு பெட்டிகளின் வரிசையாக உருவகித்துக்கொள்ளலாம். 1957ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழுவினர் ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழியை வெளியிட்டனர். அறிவியல் கணக்கீட்டில் அது ஒரு பெரும் புரட்சி. அதுவரை பொறியின் குறியீட்டில் எழுதித் தவித்தவர்கள், ஏறத்தாழக் கணிதத்தில் எழுதுவதுபோலவே எழுத முடிந்தது.

ஆயினும் அதன் அடிப்படை, பெட்டியில் உள்ளதை அழித்துப் புதியதை வைப்பதுதான். மொத்தம் என்று ஒரு பெட்டிக்குப் பெயரிட்டு அதில் சுழியத்தை வைப்பார்கள். முதல் எண்ணைக் கூட்டியதும் சுழியம் மறையும்; இரண்டாம் எண்ணைக் கூட்டியதும் முதல் தொகை மறையும். இறுதியில் கடைசித் தொகை மட்டும் எஞ்சும். பத்து வரி நிரலில் இதனால் கேடு ஒன்றுமில்லை. பல்லாயிரம் வரிகள் உள்ள நிரலிலோ எந்த மூலையிலிருந்தும் எந்தப் பெட்டியையும் மாற்றிவிடலாம். ஒரு பெட்டியில் இப்போது இருப்பது என்ன என்று அறிய, அதுவரை நடந்த அனைத்தையும் அறிந்திருக்க வேண்டும்.

இந்தக் குறையை வெளிப்படையாக எடுத்துரைத்தவர் வேறெவருமல்லர், ஃபோர்ட்ரானை உருவாக்கிய அதே பேக்கஸ்தான். 1977ஆம் ஆண்டு கணிப்பொறியியலின் தலையாய பரிசாகிய டூரிங் விருதைப் பெற்றபோது, அவர் தம் பழைய வெற்றியைக் கொண்டாடவில்லை. ஒவ்வொரு சொல்லாகப் பெட்டியில் எடுத்து வைக்கும் அந்த முறை நம் சிந்தனையையே கட்டிப்போட்டுவிட்டது என்று வாதிட்டு, சார்புகளைக் கொண்டு நிரல் எழுதும் வேறொரு வழியை முன்வைத்தார். தாம் வளர்த்த பிள்ளையின் குறையைத் தாமே சபையில் சொல்லும் துணிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

சார்பு என்னும் பழைய கருத்து

சார்பு என்பதை நாம் பள்ளிக் கணிதத்திலேயே படித்திருக்கிறோம். ஒன்றைக் கொடுத்தால் அதற்குரிய ஒரே விடையைத் தருவது சார்பு. 5இன் வர்க்கம் காலையிலும் 25, மாலையிலும் 25. வேலூரிலும் 25, வியன்னாவிலும் 25. வர்க்கம் கண்டதனால் அந்த 5 தேய்ந்துபோவதும் இல்லை. 1930களில் அமெரிக்கத் தருக்கவியலார் அலோன்சோ சர்ச், கணக்கிடுதல் அனைத்தையுமே சார்புகளாக எழுதிவிட முடியும் என்னும் ஒரு கோட்பாட்டை வகுத்தார். அன்று அதை ஓட்டிப் பார்க்கப் பொறி எதுவும் இல்லை. 1958ஆம் ஆண்டு ஜான் மெக்கார்த்தி அந்தக் கருத்தைத் தழுவி லிஸ்ப் என்னும் மொழியை வடிவமைக்கத் தொடங்கினார். நம் காலம்வரை வாழும் மிகப் பழைய நிரல்மொழிகளில் அதுவும் ஒன்று.

இந்த முறையில் ஒரு பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரே சார்பைப் பொருத்திப் புதிய பட்டியல் ஒன்றைப் பெறலாம். அந்தப் பட்டியலை மடித்து ஒரே தொகையாக்கலாம். ஒரு சார்பின் விடையை அடுத்த சார்புக்கு ஊட்டலாம். தோல் பதனிடுவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. பச்சைத் தோலை ஊறவைப்பார்கள், சுண்ணாம்பிட்டு மயிர் களைவார்கள், சதை நீக்குவார்கள், ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோமிய உப்பிலோ பதனிடுவார்கள், பின்பு சாயமேற்றுவார்கள். ஒரு பணியின் முடிவே அடுத்த பணியின் தொடக்கம். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. பதனிட்ட தோலை மீண்டும் பச்சைத் தோலாக்க முடியாது. சார்பின் உலகிலோ பதனிட்டது ஒருபுறம் கிடைக்க, பச்சைத் தோல் தொட்ட இடத்திலேயே அப்படியே இருக்கும். இடையில் ஒரு பணி தவறென்று தெரிந்தால், அதை மட்டும் திருத்தி முதலிலிருந்து மீண்டும் ஓட்டலாம். பேரேட்டின் விதியும் இதுவே.

இதிலிருந்து மற்றொரு நன்மையும் பிறந்தது. ஒரு வரிக்குரிய கணக்கு வேறெந்த வரியையும் தொடாதெனில், பட்டியலை ஆயிரம் பொறிகளுக்குப் பகிர்ந்தளித்து, விடைகளை மட்டும் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். 2004ஆம் ஆண்டு கூகுள் நிறுவனத்தின் ஜெஃப்ரி டீனும் இந்திய வம்சாவளியினரான சஞ்சய் கெமாவத்தும் வெளியிட்ட புகழ்பெற்ற முறை இதுதான். அதன் பெயருக்கே லிஸ்ப் மொழியின் அவ்விரு பழைய செயல்களிலிருந்து சொற்களை எடுத்துக்கொண்டார்கள்.

புள்ளியியலுக்கு வந்த வழி

புள்ளியியலாளர்களுக்கென்று ஒரு மொழியை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்சும் அவருடைய தோழர்களும் 1976இல் உருவாக்கத் தொடங்கினார்கள். எஸ் என்று ஒற்றை எழுத்தில் அதற்குப் பெயர். 1988இல் அது திருத்தி எழுதப்பட்டபோது சார்புகள் அதன் நடுநாயகமாயின. அந்த மொழிக்காக 1998ஆம் ஆண்டு கணிப்பொறியியல் சங்கத்தின் மென்பொருள் விருது சேம்பர்சுக்குக் கிடைத்தது. இதற்கிடையே 1990இல் லூக் டியர்னி என்பவர் லிஸ்ப் மொழியின்மீதே கட்டப்பட்ட ஒரு புள்ளியியல் அமைப்பை நூலாக விளக்கி வெளியிட்டார்.

நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இரு ஆசிரியர்கள் தம் மாணவர்களுக்குப் பயிற்றுவிக்க ஏற்ற மென்பொருள் ஒன்றை நாடினார்கள். லிஸ்பின் வழித்தோன்றலாகிய ஸ்கீம் மொழியின் உள்ளமைப்பை எடுத்து, அதற்கு எஸ் மொழியின் தோற்றத்தைப் போர்த்தினார்கள். 1993இல் அது வெளியுலகுக்கு வந்தது. இருவர் பெயரின் முதல் ஒலியையும் எஸ் என்பதற்கு முந்தைய ஆங்கில எழுத்தையும் ஒருசேர நினைவூட்டும் வகையில் அதற்கு ஆர் என்று பெயரிட்டார்கள். 1995இல் எவரும் விலையின்றிப் பெறவும், உள்ளே திறந்து பார்க்கவும், திருத்தவும் உரிமை தரும் பொது உரிமத்தின்கீழ் அதை வழங்கினார்கள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று அதன் முதல் முழுப் பதிப்பு வெளிவந்தது. அந்த மொழியைப் பேணிவரும் சிறு குழுவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தீபயன் சர்க்காரும் ஒருவர்.

விலையில்லை என்பதைக் காட்டிலும், உள்ளே திறந்து பார்க்கலாம் என்பதே நம் கதைக்கு முக்கியம். கணக்கைத் தருகிறவர் கணக்கிட்ட கருவியையும் சேர்த்தே நம் கையில் தந்துவிடுகிறார்.

வேலூரின் குழந்தைகள்

1900ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய சிறு மருத்துவப் பணி, கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த கதையை நாம் அறிவோம். நோயாளரைத் தொட்டுக் குணமாக்கும் பணியோடு நோயை எண்ணி ஆராயும் பணியும் அங்கே வளர்ந்தது. அங்குப் பணியாற்றிய பி.எஸ்.எஸ். சுந்தர ராவும் ஜே. ரிச்சர்டும் எழுதிய உயிர்ப்புள்ளியியல் அறிமுக நூல் மருத்துவ மாணவர் பலருக்கும் பாடநூலாயிற்று.

2002 முதல் 2006 வரை, வேலூர் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 452 குழந்தைகளைப் பிறந்த நாள் தொட்டு அந்தக் கல்லூரியினர் கவனித்துவந்தனர். ஒவ்வொரு குழந்தையையும் மூன்று ஆண்டுகள் வீடு தேடிச் சென்று பார்த்தார்கள். 373 குழந்தைகள் மூன்றாண்டுகளை நிறைவு செய்தனர். கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரசு பற்றிய ஆய்வு அது. ககன்தீப் காங் குழுவினரின் அந்த ஆய்வு 2011இல் வெளியாயிற்று. குழந்தைகளில் 56 சதவீதத்தினரை ஆறு மாதத்திற்குள்ளாகவே அந்த வைரசு தொற்றியிருந்தது. மெக்சிகோவில் 1996இல் வெளியான ஆய்வில், இருமுறை தொற்றிய குழந்தைகளுக்கு அடுத்து வரும் கடும் நோயிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. வேலூரிலோ மும்முறை தொற்றிய பின்னும் பாதுகாப்பு 79 சதவீதமே.

இந்த 79 என்னும் எண் எப்படிப் பிறக்கிறது? ஒரு குழந்தை மூன்றாண்டுகளில் பல நிலைகளைக் கடக்கிறது: தொற்றே இல்லாத நாள்கள், ஒருமுறை தொற்றிய பின் வரும் நாள்கள், இருமுறைக்குப் பின் வரும் நாள்கள், மும்முறைக்குப் பின் வரும் நாள்கள். ஒவ்வொரு நிலையிலும் எத்தனை நாள் வாழ்ந்தது, அந்த நாள்களில் எத்தனை முறை நோயுற்றது என்று பிரித்தெடுக்க வேண்டும். குழந்தையின் நிலை என்று ஒரு பெட்டியை வைத்து, தொற்றும்போதெல்லாம் அதை அழித்து எழுதினால், ஒரு தேதி பிசகினாலும் பிழை எங்கே நுழைந்தது என்று காண்பது அரிது. சார்புவழியில் எழுதுவோர் ஒரு குழந்தையின் பதிவைக் கொடுத்தால் அந்தந்த நிலைக்குரிய நாள்களையும் நோய்களையும் தரும் சார்பு ஒன்றை எழுதுவார்கள். அதை ஒரு குழந்தையின் பதிவில் கையால் சரிபார்ப்பார்கள். பின்பு எல்லாக் குழந்தைகளின் பட்டியலுக்கும் பொருத்துவார்கள். குழந்தை வளர்கிறது, மாறுகிறது. அதன் பதிவு மாறுவதில்லை. ஒவ்வொரு நிகழ்வும் ஒரு புதிய வரி.

இந்த எண்கள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. நம் நாட்டில் உருவான ரோட்டா வைரசுத் தடுப்பு மருந்தின் சோதனை தில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளைக் கொண்டு நடந்தது. 2014இல் வெளியான அதன் முடிவு, கடும் நோய்க்கு எதிரான திறன் 53.6 சதவீதம் என்றது. மருந்து பெறாத குழந்தைகளிடையே 100 கடும் நோய்கள் வரும் இடத்தில், பெற்ற குழந்தைகளிடையே ஏறத்தாழ 46 மட்டும் வரும் என்பது இதன் பொருள். 2016 முதல் அம்மருந்து அரசின் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. ஒரு தசம எண்ணின் பின்னால் எத்தனை தாய்மாரின் இரவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு வரி நழுவினால்

கணக்கின் வழி மறைந்திருந்தால் நேரும் கேட்டிற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று. 2006இல் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எந்தப் புற்றுநோயாளருக்கு எந்த மருந்து பலிக்கும் என்பதை மரபணுக்களைக் கொண்டே சொல்லிவிடலாம் என்று அறிவித்தனர். அதை நம்பி நோயாளர்மீது சோதனைகளும் தொடங்கின. கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் என்னும் இரு புள்ளியியலாளர்கள் அந்த விடையைத் தாமும் பெற முயன்று பெற முடியாமல், கிடைத்த பதிவுகளிலிருந்து வழியைப் பின்னோக்கித் தேடினார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி நழுவியிருந்தது. மருந்து பலித்தோர், பலிக்காதோர் என்னும் பெயர்க்குறிகள் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. 2009இல் அவர்கள் தம் ஆய்வை, எவரும் மீண்டும் ஓட்டிப் பார்க்கும்படி ஆர் மொழி நிரல்களோடு வெளியிட்டார்கள். 2010இல் மூன்று சோதனைகளும் முற்றாக நிறுத்தப்பட்டன. அடுத்த ஆண்டு மூலக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. ஒரு வரி நழுவியதைக் கண்டுபிடிக்க ஆண்டுகள் தேவைப்பட்டதற்குக் காரணம், நழுவிய இடத்தைக் காட்டும் கணக்குவழி எங்கும் எழுதப்படாததே.

சார்புவழி முறையிலும் குறைகள் உண்டு. எதையும் அழிப்பதில்லை என்றால் நகலுக்குமேல் நகலாக நினைவகம் நிரம்பும், வேகம் குறையும். 2008இல் இஹாகாவே தம் படைப்பின் வேகக் குறைவைச் சுட்டி, லிஸ்பின்மீது புதிதாகக் கட்ட வேண்டும் என்று எழுதினார். குலுக்கல் எண்களைக் கொண்டு செய்யும் கணக்கில், தொடக்க எண்ணைக் குறித்துவைக்காவிடில் ஒவ்வொரு முறையும் வேறு விடை வரும். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் சற்றே மாறவும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறாக அளந்த கிணற்று நீரைச் சரியாக அளந்ததாக்க எந்தச் சார்பாலும் இயலாது. பிழை எங்கிருக்கிறது என்று காட்ட மட்டுமே அதனால் இயலும்.

ஆயினும் அது சிறிய உதவியன்று. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. பாலாறு மட்டும் பிரியவில்லை. 2025ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் இந்த வழக்கில் தீர்ப்புரைத்து, பழைய இழப்பீட்டு ஆணைகளின்படி பாதிக்கப்பட்டோர் அனைவருக்கும் தொகையைச் செலுத்துமாறு பணித்தது. 1996இல் இளைஞராக இருந்த உழவர் இன்று முதியவர். இனி வரும் கணக்குகளிலாவது எத்தனை எக்டேர், எத்தனை கிணறு, எத்தனை குடும்பம் என்று ஒரு தொகையை அவரிடம் நீட்டும்போது, மூலப் பதிவையும் அதிலிருந்து வந்த வழியையும் சேர்த்து நீட்டுவது முறை. நம் பிள்ளைகளில் புள்ளியியலும் கணிப்பொறியும் கற்போர் இன்று பலர் இருக்கின்றனர். தம் ஊரின் எண்களை எடுத்து, முதல் வரியிலிருந்து தாமே கூட்டிப் பார்க்க அவர்களால் இயலும்.

பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் நிற்கும் தொகைக்கு மதிப்புத் தருவது அதற்கு முன்னுள்ள பக்கங்களே. கணக்கொப்புவிக்கக் கடமைப்பட்டோர் அந்தப் பக்கங்களையும் திறந்து காட்டட்டும்.